சென்னையில் ஒரு கல்யாணம்

1

இந்தக் கதை ஓர் அறிவிப்புப் பலகையிலிருந்து வந்தது. கொல்கத்தா விமான நிலையம், ஒன்றாம் நம்பர் கேட்டுக்கு எதிர்ச் சந்து, மலிவான லாட்ஜ். மேஜைக்கு மேலே வங்காளத்தில்: 'நோயாளிகளுக்கு அறை இல்லை.' முன்பு யாரோ உள்ளே இறந்திருக்க வேண்டும். பத்திரிகைத் தொடர்கதையில் வாரத்துக்கு ஒரு பிணம் விழவைத்துப் பிழைப்பவன் நான். விடுவேனா?

'ஏழாம் நம்பர் அறையின் கதவிடுக்கில் ரத்தம்—'

அந்த வரியை அடித்துவிட்டேன். இந்தக் கதையில் ஆள் உயிரோடிருக்கிறான். சிக்கலே அதுதான்.

2

சிவலிங்கம், துர்காபூரில் ஓர் ஆலையில் கிரேன் ஓட்டியவன். கல்லீரலில் கட்டி. விடிந்தால் சென்னை விமானம், அங்கிருந்து வேலூர் ஆஸ்பத்திரி. இரவு அவன் எங்காவது கால் நீட்டிப் படுத்தாக வேண்டும். மனைவி பூங்கோதை அவனை ஹவுராவில் இறக்கி, ஆற்றுக்கு அடியில் ஓடும் மெட்ரோவில் ஏற்றி, இரண்டு முறை வண்டி மாற்றி, கடைசியில் பேட்டரி ரிக்ஷாவில் கொண்டுவந்திருந்தாள். (டாக்ஸி? விமான டிக்கெட் எடுத்த பிறகு அந்தப் பேச்சே இல்லை.)

முதல் லாட்ஜில் அவன் மஞ்சள் கண்ணைப் பார்த்தார்கள். இரண்டாவதில் ஸ்கேன் உறையை. மூன்றாவதற்கு முன் பூங்கோதை உறையைப் புடவைக்குள் சுருட்டிப் பையில் திணித்தாள். அவனுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினாள்.

"கல்யாணத்துக்குப் போறோம்.* உங்க சித்தப்பா பொண்ணுக்கு. வேலூர்னு வாயத் தெறக்கக் கூடாது."

"இந்தக் கண்ணாடியோட பாத்தா நானே மாப்பிள்ளைன்னு நினைக்கப் போறான்."

"பேசாம நிமிந்து நில்லுங்க."

* வங்காளி சென்னைக்குப் போனால் 'என்ன வியாதி' என்று கேட்கிற ஊர் இது. தமிழன் போனால் கல்யாணம் என்று நம்பும். அவளிடம் இருந்த ஒரே சீட்டு அது.

3

மூன்றாவது லாட்ஜில், அந்தப் பலகைக்குக் கீழே, மேனேஜர் தபனை வில்லனாக்கத்தான் உட்காரவைத்தேன். மீசை கொடுத்தேன், பிறகு பிடுங்கினேன். கல்யாணக் கதையை நம்பி, ஆணியிலிருந்து சாவியைக்கூட எடுத்துவிட்டார். அடையாள அட்டையில் பெயரைப் படித்ததும் முகம் மலர்ந்தது.

"தமிழா? நானும் கொஞ்சம் தமிழ் பேசும்."

எங்கே கற்றார் என்று பூங்கோதை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுதாரித்திருப்பாள்.

"சாப்பிட்டாச்சா?" என்றார் தபன், பெருமையாக.

"ஆச்சு" என்றான் சிவலிங்கம்.

"தூக்கம் வந்ததா?"

"வந்துச்சு."

"எங்கே வலிக்குது?"

மாதக்கணக்கில் அந்தக் கேள்வியை வங்காளத்திலும் இங்கிலீஷிலும்தான் கேட்டிருந்தார்கள். சொந்த மொழியில் யாரும் கேட்டதில்லை.

"வயித்துல. வலப்பக்கம். படுத்தா முதுகுக்குப் போவுது."

தலைக்கு மேல் மின்விசிறி— வேண்டாம். சத்தமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"வேலூர்?" என்றார் தபன். "அப்பாகூட அங்கே ரொம்ப நாள் இருந்தேன். நர்ஸ் தினம் கேட்கும். அவ்வளவுதான் நம்ம தமிழ்."

4

முடிவு அ: சாவியைக் கொடுக்கிறார். எழுதினேன், கிழித்தேன். அவருக்கும் மேலே ஒரு முதலாளி உண்டு. ராத்திரி ஏதாவது ஆனால் போலீஸ் கேட்பது இவரைத்தான்.

முடிவு ஆ: பலகையைக் காட்டுகிறார். அவர்கள் வெளியே வந்து, ஜெசூர் சாலை நடைபாதையில், விடியும்வரை—

இதற்கு மேல் என் கை ஓடவில்லை.

பிறகுதான் பூங்கோதை நான் திட்டமிடாத ஒன்றைச் செய்தாள். சாவியைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். தபன் முகத்தையே பார்த்து, வங்காளிகள் அண்ணனை அழைக்கிற மாதிரி அழைத்துக் கேட்டாள்:

"உங்க அப்பா இப்ப எப்பிடி இருக்காரு, தாதா?"

தபன் வாய் திறந்தார்.

அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். அறை உண்டா இல்லையா என்பதையும் சேர்த்து நீங்களே சொல்லிவிடுங்கள். ஒன்று மட்டும்: சிவலிங்கம் மேஜையைப் பிடித்தபடி, அந்தக் கறுப்புக் கண்ணாடியோடு, பக்கத்திலேயே நிற்கிறான். நீங்கள் சொல்வது அவன் காதில் விழும்.