ஆட்டோ வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டவர்கள்

"செஞ்சிக் கோட்டைய மராட்டியன் புடிச்சான், மொகலாயன் புடிச்சான், பிரெஞ்சுக்காரன் புடிச்சான், வெள்ளக்காரன் புடிச்சான். நொச்சிப்பட்டு ஆரம்பப் பள்ளிக்கூடத்த மட்டும் எவனாலயும் புடிக்க முடியாது."

மே தினக் கிராம சபையில் வார்டு உறுப்பினர் சுந்தரமூர்த்தி இப்படிச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. ஊராட்சிச் செயலர் அதைத் தீர்மானப் புத்தகத்தில் கழிவுநீர்க் கால்வாய்க்குக் கீழே ஏழாவதாக எழுதிக்கொண்டார்.

மொகலாயர்களுக்குக் கோட்டையைப் பிடிக்க எட்டு வருஷம் ஆனது. காரணம், கோட்டைக்குள் ஆள் இருந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துக்குள் ஒன்பது பிள்ளைகள், ஒரு டீச்சர், ஒரு சமையல்காரர், அறுபது பேர் உட்காரும் அளவுக்கு பெஞ்சுகள்.

ஒன்பதும் காலனிப் பிள்ளைகள். ஊர்த்தெருப் பிள்ளைகள் முப்பத்தொரு பேர் தினமும் மஞ்சள் வேனில் ஏறி, திண்டிவனம் ரோட்டில் இருக்கும் இங்கிலீஷ் மீடியத்துக்குப் போகிறார்கள். ஏன் என்று கேட்டால் இங்கிலீஷ் என்பார்கள். பள்ளியில் சமைக்கும் அன்புக்கரசி காலனிக்காரர் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எதைப் போட்டு அமுக்கினாலும் இங்கிலீஷ் என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். உலக மொழி என்று அதைச் சும்மா சொல்லவில்லை.

கல்வி அலுவலர் வீரமணி அன்று சபைக்கு வந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. கொடுத்த டீயைக் குடித்துவிட்டு டம்ளரை அவரே கழுவி வைத்தார்.

"ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி கணக்கெடுப்போம். பத்துப் புள்ளைங்களுக்குக் கீழ இருந்தா கூட்ரோடு பள்ளியோட இணைச்சிடுவோம். அங்க அஞ்சு டீச்சர் இருக்காங்க, கம்ப்யூட்டர் இருக்குது, வெளையாட எடம் இருக்குது. உங்க புள்ளைங்களுக்கு நல்லதுதான்."

எல்லோரும் ரஞ்சிதம் டீச்சரைப் பார்த்தார்கள். வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தோம். "ஒரே ஆளு அஞ்சு கிளாஸ் நடத்துறது பாடம் இல்லிங்க, பந்தி பரிமாறுறது" என்றார் அவர். சபையில் அன்று பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான். ஆகவே அது தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து மீனம்பாள் எழுந்தார். அவருக்கு இரண்டு பிள்ளைகள். தமிழினி நாலாம் வகுப்புக்குப் போகிறாள், ஆதவன் ஒன்றாம் வகுப்புக்கு. கணவர் ராஜாராம் திருப்பூருக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. முதல் வருஷம் போன் வந்தது. மீனம்பாள் காலை ஏழு மணிக்குக் களையெடுக்கும் பெண்களோடு டாட்டா ஏஸில் வல்லம் பக்கம் போனால் நாலு மணிக்குத்தான் திரும்புவார். காலை டிபன் செய்ய அன்புக்கரசி ஏழு மணிக்கே பள்ளிக்கு வந்துவிடுவதால் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு வண்டி ஏறுவார். வீட்டுக்கும் பள்ளிக்கும் ஐம்பது அடி தூரம். அந்த ஐம்பது அடியில்தான் அவர் குடும்பம் நடந்துகொண்டிருந்தது.

"கூட்ரோடுன்னா ரெண்டரை கிலோமீட்டரு சார். நடுவுல மெயின்ரோடு. கல்குவாரி டிப்பரு நிக்காம ஓடுது. புள்ளைங்கள யாரு தாண்டி வுடுவாங்க?"

"அதுக்கு ஆட்டோ உண்டும்மா. அரசாங்கச் செலவு. பெத்தவங்க எல்லாரும் சம்மதம்னு இப்பவே எழுதிக் குடுத்தா இணைக்கிற அன்னிக்கே ஆட்டோ வாசல்ல வந்து நிக்கும்."

மீனம்பாள் பேனாவுக்காகக் கை நீட்டியதை நான் பார்த்தேன். சுந்தரமூர்த்தியும் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, ஆட்டோவுக்கு ஒத்துக்கினா இணைப்புக்கு ஒத்துக்கினதா ஆயிடும். தூண்டில்ல மாட்டுன புழு அது. ஆட்டோவே வாணாம்னு எழுதிக் குடுங்க. பத்து புள்ளதான வேணும்? ஒம்போது கீது. பத்தாவது என் பொண்ணு மணிமொழி. ஜூன்ல ஒண்ணாங்கிளாஸ் சேக்கறன். மஞ்ச வேன்ல புள்ளைய ஏத்தி அனுப்புறவனுக்கும் கறிக்கடைக்குக் கோழி அனுப்புறவனுக்கும் இன்னா வித்தியாசம்? ரெண்டும் ஜன்னல்ல மூக்க வச்சிக்கினு கத்திக்கினேதான் போகுது."

ஊர்த்தெரு ஆண்கள் பலமாகக் கை தட்டினார்கள். தட்டிய கைகள் அத்தனையும் வேனில் பிள்ளை ஏற்றும் கைகள்.

"நெஜமாவா மெம்பரே?" என்றார் மீனம்பாள்.

"உசுரு போனாலும் வாக்கு மாறாதும்மா."

மனு எழுதும் வேலை எனக்கு வந்தது. செஞ்சிக் கல்லூரியில் தமிழ் இரண்டாம் ஆண்டு படிப்பவனுக்கு ஊரில் வேறு எந்தப் பயனும் இல்லை என்று பொதுவான கருத்து. நான் மனதார எழுதினேன். 'எங்கள் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல ஆட்டோ வேண்டாம். அவர்கள் நடந்து வர ஒரு பள்ளிக்கூடம் வேண்டும்' என்று ஒரு வரி வந்தது. அந்த வரியை மூன்று முறை படித்துப் பார்த்துக்கொண்டேன். அவ்வளவு நன்றாக இருந்தது.

ஒன்பது பிள்ளைகளின் வீடுகளிலும் கையெழுத்து வாங்கினேன். மீனம்பாள் கடைசி. காகிதத்தை மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"எழிலு, பள்ளிக்கூடம் வேணும், ஒருவேள அது இல்லன்னா ஆட்டோ வேணும்னு எழுதக் கூடாதா?"

"அப்டி எழுதுனா மனுவுக்கு பலம் இருக்காதுக்கா."

மீனம்பாள், படித்த பிள்ளை சொல்கிறான் என்று கையெழுத்துப் போட்டார்.

ஜூன் மாதம் மணிமொழி பள்ளியில் சேர்ந்தாள். தெருமுனையிலிருந்து மாலை, மேளம், பட்டாசு. கழுத்தில் இருந்த மாலை தரையைத் தொட, அவள் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பேப்பரில் போட்டோ வந்தது. சுந்தரமூர்த்தி அதைத் தன் விதைக் கடையில், வேர்க்கடலை விதை மூட்டைக்கு மேலே சட்டம் போட்டு மாட்டினார். தமிழினி அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, நாலாம் வகுப்புக்காரிக்கு உரிய கண்டிப்போடு அ, ஆ சொல்லிக்கொடுத்தாள்.

முதல் நாள் மத்தியானம் மணிமொழி சத்துணவு சாப்பிட்டாள். வீட்டுக்குப் போய், "அன்பு அக்கா எனக்கு முட்ட குடுத்துச்சும்மா" என்று சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்தோடு முற்றுகை தொடங்கிவிட்டது.

மறுநாள் அவளுக்கு வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் வந்தது. அடுத்த வாரம் தண்ணீர் பாட்டிலும் வந்தது. அதற்கு அடுத்த வாரம் சுந்தரமூர்த்தியே மத்தியானம் பைக்கில் வந்து, மகளை வேப்பமரத்தடிக்குத் தனியாகக் கூட்டிப்போய் ஊட்டிவிட்டுப் போனார். "மத்த புள்ளைங்க பாக்குது சார்" என்றார் ரஞ்சிதம் டீச்சர். "அவளுக்கு வயிறு ஒத்துக்கல டீச்சர்" என்றார் அவர். எந்தத் தெரு அடுப்பில் வெந்த சோறு என்ற வித்தியாசம்கூட மகளின் வயிற்றுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆடி வந்தது. மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் அன்று சுந்தரமூர்த்தியும் மனைவி ஜெயக்கொடியும் பாத்திரத்தோடு வரிசையில் நின்றார்கள். கூழ் ஊற்றியவர் குரு, ஜெயக்கொடியின் சொந்தத் தம்பி. கரண்டியைத் தூக்கியவர் அப்படியே நிறுத்தினார்.

"இன்னா மாமா, உங்களுக்குமா கூழு? உங்க வூட்டுக்குத்தான் தெனம் காலனியில பந்தி நடக்குதாமே."

வரிசையே சிரித்தது. எதிரிகள் இல்லை அவர்கள். தேர்தலில் அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள்.

"டேய், அவ வூட்டுச் சோறுதான்டா துண்றா" என்றார் சுந்தரமூர்த்தி.

"துண்ணட்டும் மாமா, யாரு வாணாம்னாங்க? நாளைக்கு வயசுக்கு வந்தா சடங்குக்கு தாய்மாமன் சீரு கொண்டாரணும் இல்ல, எந்தத் தெருவுக்குக் கொண்டாரணும்னு மட்டும் சொல்லிடு."

குரு பிறகு பாத்திரம் நிறையத்தான் ஊற்றினார். ஜெயக்கொடி அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கோயில் பின்னால் இருந்த மாட்டுத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, கணவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் முன்னால் நடந்தார். கோட்டையில் பீரங்கி இருந்தது என்கிறார்கள். எங்கள் ஊரில் கூழ்க் கரண்டி போதும்.

அதற்குப் பிறகு மூன்று நாளாக மணிமொழி பள்ளிக்கு வரவில்லை. மீனம்பாள் வேலை முடிந்து வந்த சேற்றுக் காலோடு விதைக் கடைக்குப் போனார். நான் அங்கே யூரியா வாங்க நின்றிருந்தேன்.

"மெம்பரே, பொண்ணு வரலியாமே? நாளன்னிக்கு கணக்கெடுக்குறாங்க."

"ஜொரம் மீனா. காஞ்சிக் கெடக்குது." தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தமிழினி கேட்டுக்கினே இருக்குது. வந்து பாத்துட்டுப் போவட்டுமா?"

"ஒட்டிக்கப் போவுது. வாணாம்."

"கணக்கு அன்னிக்கு மட்டும் தூக்கியாந்து ஒக்கார வச்சிட்டுப் போயிடு மெம்பரே. நான் வேலைக்குப் போவாம மடியில வச்சிக்கறன்."

"வருவா, வருவா. நீ டென்ஷன் ஆவாத."

ஆகஸ்ட் முதல் தேதி வீரமணி வந்தார். மீனம்பாள் அன்று ஏஸ் ஏறவில்லை. பள்ளி வாசலில் நின்றார். மணி பத்தரை ஆனது. அலுவலர் தலைகளை எண்ணினார், ஒன்பது.

"ஒரு புள்ளைக்கு ஜொரம் சார், பேரு இருக்குது பாருங்க" என்றார் மீனம்பாள்.

ரஞ்சிதம் டீச்சர் தலையைத் தூக்கவில்லை. "பேரும் இல்லம்மா" என்றார். "நேத்து சாயங்காலம் வேன் ஸ்கூல்ல இருந்து அந்தப் பொண்ணோட பேர அங்க மாத்தச் சொல்லி செல்லுல ரெக்வெஸ்ட் வந்துச்சு. அவங்க அப்பா ஓடிபி சொல்லிட்டாரு. மாறிடுச்சு."

மாலை, மேளம், பட்டாசோடு உள்ளே வந்தவள் ஆறு எண்களில் வெளியே போய்விட்டாள். ஊரில் யாருக்கும் சத்தம் கேட்கவில்லை.

மீனம்பாள் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"செரி சார். அப்ப ஆட்டோ எப்ப வரும்?"

வீரமணி பையிலிருந்து கோப்பை எடுத்தார். சங்கடத்தோடுதான் எடுத்தார். என் மனு அதில் நூல் கோத்து இருந்தது. ஒரு வரிக்குக் கீழே யாரோ சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். அவர் அதைச் சத்தமாகப் படித்தார். அலுவலகக் குரலில்கூட அந்த வரி நன்றாகத்தான் இருந்தது.

"ஒம்பது பேரும் வேணாம்னு எழுத்துல குடுத்துட்டீங்களேம்மா. அத வச்சி நம்ம ஊர லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாங்க. திரும்பக் கேட்டு எழுதுங்க. அடுத்த வருஷம் சேக்கப் பாக்கறேன்."

"அது வரைக்கும்?"

"கூட்ரோடுல டீச்சருங்க நல்லா பாத்துக்குவாங்க" என்றார் அவர். அங்கே போய்ச் சேர்வதைப் பற்றி அவருடைய கோப்பில் எதுவும் இல்லை.

இரண்டு வீட்டில் சைக்கிள் இருந்தது. நாலு பிள்ளைகளைச் சித்தப்பன், மாமன் யாராவது பைக்கில் கொண்டு விட்டார்கள். ஒரு பெண் விழுப்புரத்துப் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தமிழினி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நாலு நாள் நடந்தாள். கூட்ரோடு பள்ளி அவளுக்குப் பிடித்திருந்தது. நாலாம் வகுப்புக்கு என்றே ஒரு டீச்சர் இருக்கிறார் என்று காலனி முழுக்கச் சொன்னாள்.

ஐந்தாம் நாள் ஆதவன் ரோட்டின் நடுவில் கையை உதறிக்கொண்டு ஓடினான். டிப்பர் அவனுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அவனுடைய பை சக்கரத்துக்கு அடியில் போனது. டிரைவர் இறங்கி, தமிழினியைத்தான் அறைந்தார்; ரோட்டில் அடிக்க வேறு பெரியவர்கள் யாரும் இல்லை. ஆதவனின் டிராயர் நனைந்திருந்தது.

மறுநாளிலிருந்து மீனம்பாள் இரண்டு பேரையும் ஏஸில் ஏற்றிக்கொண்டு போனார். "ஆட்டோ வர்ற வரைக்கும்தான்" என்றார். நான் புதிதாக ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். இந்த முறை அதில் ஒரு நல்ல வரியும் இல்லை. இதுவரை பதிலும் இல்லை. வரப்பில் தம்பியைப் பார்த்துக்கொள்ள உட்கார்ந்த தமிழினி இரண்டாவது வாரமே களைக்கொத்தைக் கையில் எடுத்துவிட்டாள். கை சுறுசுறுப்பு என்று நிலத்துக்காரர் பாராட்டினாராம்.

இப்போது காலை ஏழு மணிக்கு மஞ்சள் வேன் ஊர்த்தெருவில் முப்பத்தொரு பிள்ளைகளை ஏற்றுகிறது.  பிறகு வேன் அரை கிலோமீட்டர் தள்ளி, மண்டகப்பட்டுக்குத் திரும்பும் மதகுக்குப் பக்கத்தில் இன்னொரு முறை நிற்கிறது. அங்கே வீடு எதுவும் இல்லை. செஞ்சிக்கு பஸ் பிடிக்க நான் அந்த வழியாகத்தான் நடந்து போக வேண்டும்.

இன்று வேன் குறுக்கே நின்றதால் பின்னால் வந்த டாட்டா ஏஸும் நிற்க வேண்டியதாயிற்று. பெண்களுக்கு நடுவே, தலையில் துண்டு கட்டி, தமிழினி நின்றிருந்தாள். மதகுச் சுவரின் மேல் டை கட்டி உட்கார்ந்திருந்த மணிமொழியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏய் மணி! ஜொரம் உட்ருச்சா?"

மணிமொழி பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். மீனம்பாளும் பார்த்தார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஏஸ் டிரைவரைத் தவிர எல்லோரும் பார்த்தார்கள்.

சுந்தரமூர்த்தி குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த அவளுடைய ஷூ லேஸை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். பிறகு மகளைத் தூக்கி வேனுக்குள் ஜன்னலோரம் உட்காரவைத்து, கதவைச் சத்தம் வராமல் சாத்தினார்.