மூன்றாம் சரணம்

ரெக்கார்டு பிளேயரின் வயர் கட்டில்வரை எட்டவில்லை. கண்ணாடிக்காரர் அதை முன்னறையிலிருந்து இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு படுக்கையறை வாசல்வரை வந்துவிட்டார். இன்னும் நாலு முழம் பாக்கி. மகள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தேடிச் சமையலறைக்கு ஓடினாள். தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்காரவைத்திருந்த அவர் மனைவி, "மிக்ஸிக்குப் பின்னாடி பாரு" என்றாள். குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. இன்றோ நாளையோ என்று நேற்று மாலை டாக்டர் மகளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மூச்சு பிடி கொடுக்காவிட்டாலும், வீட்டில் எது எங்கே இருக்கிறது என்பது மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

முன்னறை நாற்காலியின் நுனியில் ஊசி உட்கார்ந்திருந்தான். பிளேயர் ஊசியை மாதம் தவறாமல் மாற்றுகிறவன் என்பதால் வந்த பெயர்; பேச்சும் அப்படியே குத்தும் என்பதால் நிலைத்துவிட்ட பெயர். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். மடியில் செய்தித்தாள் சுற்றிய தட்டையான பொட்டலம். பன்னிரண்டு வருடம் கழித்து இந்த வீட்டுப் படி ஏறியிருக்கிறான்.

சற்று முன் கதவைத் திறந்ததும் கண்ணாடிக்காரர் அவனை உள்ளே விடுவதாக இல்லை. தூங்குகிறாள் என்று பொய் சொன்னார். அவன் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்ற இடத்திலேயே நின்றான்.

"கிடைச்சிருச்சு அண்ணே."

"என்ன கிடைச்சிருச்சு?"

"அக்கா சொன்னது."

அவர் பொட்டலத்தைப் பார்த்தார்.

படம் வெளிவரும் முன்பே பாட்டை எல்லார் வாயிலும் ஏற்றிவிடுவதற்காக, ரெக்கார்டு கம்பெனிகள் அந்த நாளில் வானொலி நிலையங்களுக்குச் சில தட்டுகளை இலவசமாக அனுப்பும். படமில்லாத வெள்ளை லேபிள். அதன்மேல் 'விளம்பரப் பிரதி, விற்பனைக்கு அல்ல' என்று ஒரு ரப்பர் முத்திரை. கண்ணாடிக்காரரின் மனைவி பதினோரு வயதில், பக்கத்து வீட்டு வானொலியில் ஒரு மத்தியானம் ஒரு பாட்டைக் கேட்டாள். அதில் மூன்று சரணம். இரண்டு மாதம் கழித்துக் கடைக்கு வந்த தட்டில் இரண்டுதான் இருந்தது. படமும் ஒரு வாரம் ஓடிவிட்டுப் பெட்டிக்குள் போனது. மூன்றாம் சரணத்தில் ஒரே ஒரு வரிதான் அவளுக்கு நினைவிருந்தது: 'விளக்கை எல்லாம் அணைச்ச பின்னும் வாசல் மட்டும் விழிச்சிருக்கு.'

தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்ததும் முதல் சம்பளத்தில் பிளேயர் வாங்கினாள். அன்று தொடங்கியது தேடல். அவளைப் போலவே கிறுக்குப் பிடித்தவர்கள் ஊருக்கு ஒருவர் இருவர் இருந்தார்கள். வானொலி நிலையம் எங்காவது இடம் மாறுகிறதென்றால், என்னென்ன கழித்துப் போடுகிறார்கள் என்று பார்த்துவர ஒருவர். அறிவிப்பாளர் யாராவது ஓய்வு பெற்றால் கடிதம் போட ஒருவர். கண்டதையும் கேள்விப்பட்டதையும் மாதாமாதம் சுற்று மடலில் எழுதி அனுப்பிக்கொள்வார்கள். வயதான ஒலிப்பதிவாளர் ஒருவர் அவளுக்கு எழுதியிருந்தார்: சரணத்தை வெட்டுவதற்கு முன் அனுப்பிய தட்டு இருந்தால், பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வழவழப்பான வளையத்தில் கீறியிருக்கும் எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்து இருக்கும்.

அந்த எண்ணைப் படிக்க முடியாமல்தான் அவள் முதன்முதலில் ஒரு தட்டோடு கண்ணாடிக்காரரின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தாள். லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டு படித்துச் சொன்னார். கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்பவர்களிடம், "நம்பர் படிக்கக் கூப்பிட்டா, இன்னும் படிச்சு முடியல" என்பார். விடுமுறை கிடைத்தால் பஸ் ஏறி, அடுத்தடுத்த ஊர்களின் பழைய சாமான் கடைகளுக்குப் போவார்கள். அவள் தட்டுகளை எடுத்துத் துடைத்துக் கொடுப்பாள். அவர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். முப்பத்திமூன்று வருடமாக உதட்டைப் பிதுக்கினார்.

ஊசியும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாதாந்திரக் கூட்டத்தில், எல்லாரும் இருக்கும்போதே, அப்படியொரு சரணமே கிடையாது, சின்ன வயதில் கேட்ட இரண்டு பாட்டை அக்கா ஒன்றாக முடிந்து வைத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டான். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தவள்தான். அதன்பிறகு கூட்டத்துக்குப் போகவில்லை. திரும்பும் பஸ்ஸில் கண்ணாடிக்காரர், "அவன் கெடக்கான். நான் நம்புறேன்ல" என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது அதே ஊசி, காலமாகிவிட்ட அறிவிப்பாளர் ஒருவரின் மருமகளைத் தேடிப் போய், பரணில் கிடந்த பெட்டியைக் கிளறி, வேறு ஏதோ நாடகத் தட்டின் உறைக்குள் இது செருகியிருந்ததைக் கண்டுபிடித்ததாகச் சொன்னான். எண்ணும் சரி, எழுத்தும் இருக்கிறது. இன்னும் போட்டுக் கேட்கவில்லை.

"ஏன் கேக்கல?"

"அக்கா கேக்காம நான் எப்படிக் கேக்குறது?"

கண்ணாடிக்காரர் அவனை வாசலுக்கு வெளியே நகர்த்திக்கொண்டு போய், அந்தச் சரணம் இல்லாமல் போனால் என்ன செய்வது என்று தாழ்ந்த குரலில் கேட்டார். இருப்பது ஒருநாள், அதில் இது வேண்டுமா என்றார். ஊசி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனுக்கு இருமல் வந்தது.

"யாரு, ஊசியா?" என்று உள்ளேயிருந்து கேட்டது. முப்பது வருடம் முகம் தெரியாதவர்களின் குரலோடு குடித்தனம் நடத்திய காது. அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மிக்ஸிக்குப் பின்னால்தான் இருந்தது. பிளேயர் கட்டிலருகே ஸ்டூலில் ஏறியது. அவள் தட்டைக் கையில் வாங்கவில்லை. அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அவர் சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்துப் பார்த்தார். எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசியில் வந்த எழுத்தை இரண்டு தடவை படித்தார்.

ஊசி முள்ளை இறக்கினான். கொஞ்ச நேரம் மழை மாதிரி இரைச்சல். பிறகு பல்லவி, இந்த வீட்டில் எல்லாருக்கும் தூக்கத்தில்கூட வரும் பல்லவி. முதல் சரணம். இரண்டாம் சரணம். மகள் அம்மாவின் பாதத்தில் கை வைத்திருந்தாள். கடைத் தட்டில் இந்த இடத்தில் வயலின்கள் ஒன்றாக உயர்ந்து பாட்டு முடியும். வயலின்கள் உயர்ந்தன. கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்தார்.

வயலின்கள் இறங்கின. ஒரு புல்லாங்குழல் தனியாக வந்தது. அதன் பின்னாலேயே அந்தப் பாடகியின் குரல்.

மூன்றாம் சரணம் ஒரு நிமிடம்கூட இல்லை. அவள் சொன்ன வரி நாலாவதாக வந்தது. ஒரு சொல் மாறவில்லை. கண்ணாடிக்காரர் வாய் திறந்தபடி நின்றுவிட்டார். நிமிர்ந்தபோது மனைவி பிளேயரைப் பார்க்கவில்லை, ஊசியைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு இவ்வளவு ஆச்சரியமா?"

அவர் வாயை மூடிக்கொண்டார். முள் கடைசி வளையத்தில் சுற்றிச் சுற்றித் தட்டியது. ஊசி அதைத் தூக்கி வைத்துவிட்டு, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குச் சொன்னதற்காக என்று ஆரம்பித்தான்.

"நீ மூஞ்சிக்கு நேராச் சொன்ன. விடு" என்றாள்.

மறுபடியும் போடவா என்று மகள் கேட்டதற்கு வேண்டாமென்று தலையசைத்தாள். சுற்று மடலில் எழுதிவிடச் சொன்னாள்; கேட்பவர்களுக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். பிறகு ஊசிக்கு டீ போட்டுக் கொடுக்கும்படி மகளை அனுப்பினாள். ஊசியும் கூடவே போனான்.

கண்ணாடிக்காரர் கட்டிலில் உட்கார்ந்தார். எதையாவது சொல்ல வேண்டும். நம்பினேன் என்று சொல்ல இனி வழியில்லை. வேறொன்று நெஞ்சில் கிடந்தது; பத்தொன்பது வருடமாகக் கிடந்தது.

"அந்த ஆத்தங்கரைக் கடையில... ஒரு அலமாரி நிறையத் தட்டு இருந்துச்சே. நீ துடைச்சுக் கொடுத்த எல்லாத்தையும் நான் பார்க்கல. ஒரு இருபது பார்த்தேன். மிச்சத்தைச் சும்மா திருப்பித் திருப்பி வச்சேன்."

"பதினாறு" என்றாள்.

"என்ன?"

"பதினாறுதான் பார்த்தீங்க. எண்ணிட்டுதான் இருந்தேன்."

"ஏன் அப்பவே சொல்லல?"

அவளுக்கு மூச்சைச் சேர்த்துக்கொள்ள நேரம் பிடித்தது. "உங்களுக்கு அன்னிக்குப் பசி. மூணு மணி ஆயிருச்சு."

அவர் அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். அவளுடைய விரல் நுனிகளில் துடைக்கும் துணியின் சொரசொரப்பு இன்னும் இருந்தது.

"சரி, கூடவே வந்தீங்கல்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, தலையணை ஒன்று அதிகம் என்றாள். எடுத்தார். தூங்கினாள். மகள் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனாள். நாலு மணி சுமாருக்கு ஒரு மூச்சு வந்து நின்றது. அடுத்ததற்காக மூன்று பேரும் வெகுநேரம் காத்திருந்தார்கள்.

ஊசி ஊருக்குத் திரும்பவில்லை. அவன்தான் கூட்டத்தாருக்கெல்லாம் போன் செய்தான், நாற்காலிகள் கொண்டுவந்து போட்டான், வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தான். மறுநாள் காலை உறவினர்களுக்கு நடுவே அவர்களுக்கு முன்பின் தெரியாத எட்டுப் பேர் வந்து நின்றார்கள். ஒருவர் போஸ்ட்மேன், ஒரு பெண் டைப்பிஸ்ட், ஒருவர் பல் டாக்டர். இவர்களெல்லாம் யார் என்று அவருடைய மைத்துனர் கேட்டார். அவளுடைய ஆட்கள் என்றார் கண்ணாடிக்காரர்.

எல்லாம் முடிந்து, அன்று பிற்பகல் ஊசியை வழியனுப்ப அவரும் பஸ் நிலையம்வரை நடந்தார். வேண்டாமென்று அவன் சொல்லிப் பார்த்தான், அவர் கேட்கவில்லை. பஸ் தயாராக நின்றது. ஊசி அவர் கையைப் பிடித்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே, போய்ச் சேர்ந்ததும் போன் செய்கிறேன் என்றான். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். அவர் கை காட்டினார். அவனும் கை காட்டினான்.

பஸ் கிளம்பவில்லை. டிரைவர் எதிர்க்கடையில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடித்தாகிவிட்டது. ஊசி ஜன்னல் கம்பியில் இருந்த துருவை நகத்தால் சுரண்டினான். கண்ணாடிக்காரர் ஜன்னலுக்குக் கீழேயே, வெயிலில், நின்றுகொண்டிருந்தார்.