தொட்டித் தண்ணீர்

அவர் இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்த ‘தண்ணீர்’ என்ற சொல்லை ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள் அவர் மனைவி. மை அசையவில்லை. விடியற்காலையில் மூச்சு நின்ற மனிதர். இன்னும் சற்றுநேரத்தில் தெருவே கூடத்துக்கு வந்துவிடும். கையைப் பார்த்தால், பாவம், கடைசியில் புத்தி பிசகிவிட்டது என்று சொல்லாமல் போவார்களா? நரம்பில்லாத நாக்கு.

கொல்லையில் இரண்டு தேனீப் பெட்டிகள் வைத்திருந்தார். வீட்டில் தேனீ வளர்க்க நகராட்சி விதியில் தடையில்லை. ஆனால் பெட்டிக்குப் பக்கத்துத் தொட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தாகத்துக்கு அவை அடுத்த வீட்டுக் குழாயைத் தேடிப் போகும். தொட்டி காய்ந்து கிடந்ததென்று இரண்டு முறை எச்சரித்துவிட்டார்கள். இன்னொரு முறை என்றால் பெட்டிகள் போய்விடும்.

“ஊத்தினேனே” என்பார், காலித் தொட்டியைப் பார்த்தபடி.

“ஊத்தினா எங்க போச்சு? றெக்க மொளச்சுப் பறந்துடுச்சா?” என்று அவளும் சிரித்திருக்கிறாள். மகன்தான் மறதிக்கென்று மாத்திரை வாங்கிவந்து, தினமும் தன் கையாலேயே கொடுத்தான். அதன் பிறகுதான் அவர் உள்ளங்கையில் எழுத ஆரம்பித்தார்.

இன்று ஆள் சேர்வதற்குள் அவளே போய்த் தொட்டியை விளிம்புவரை நிரப்பியிருந்தாள். செத்த அன்றும் மறந்துவிட்டார் என்ற பேச்சு வரக்கூடாது.

அடுத்த வீட்டுத் தையல்காரர் வந்தார். கும்பிட்டுவிட்டுத் தயங்கினார்.

“தப்பா நெனைக்காதீங்கக்கா. இந்த நேரத்துல சொல்லக்கூடாதுதான். எங்க குழாயில மறுபடியும் தேனீ மொய்க்குது.”

எழுந்து கொல்லைக்குப் போனாள். தொட்டி கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் மகன் செருப்புச் சேற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“நீயாடா?”

“மெதுவா பேசும்மா. நாளைக்கு நகராட்சி ஆளுங்க வராங்க. காஞ்சிருந்தா அவங்களே எடுத்துட்டுப் போயிடுவாங்க. ரூம் கட்ட எடம் வேணும்னு எத்தன தடவ கேட்டேன்? கேட்டாரா?”

“முன்னாடியும் நீதானா?”

அவன் அடுத்த செருப்பைக் கல்லில் தேய்த்தான்.

“மறதின்னு மாத்திர குடுத்தியேடா, பாவி!”

“அது வெறும் சத்து மாத்திரதாம்மா.”

அந்த மனிதர் தன் புத்தியையே நம்பாமல் செத்துப்போனார். கட்டினவளும் நம்பவில்லை. தொட்டியை நிமிர்த்திக் குழாயடியில் வைத்துத் திறந்துவிட்டாள்.

கூடத்தில் மருமகள் சோப்போடு நின்றாள். “இதப் போட்டா போயிடும் அத்தை.”

“வேணாம். இருக்கட்டும்.”

தூக்குவதற்கு ஆட்கள் வந்தார்கள். மகன் தலைமாட்டுக்கு வந்து குனிந்தான். அவள் போர்வைக்குள்ளிருந்து அவருடைய இடது கையை வெளியே எடுத்தாள். மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளங்கை எல்லோருக்கும் தெரியும்படி வைத்தாள். கொல்லையில் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டது.