இறாலும் தண்ணிக் கதவும்

பெரிய தண்ணி வரும் நாள்களில் பரீதா செருப்பைத் தரையில் விடுவதில்லை. தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். விடியுமுன் விழிப்பு வந்ததும், கட்டிலில் உட்கார்ந்தபடியே ஒரு காலை மெல்லக் கீழே இறக்கிப் பார்ப்பாள். தரை தட்டுப்பட்டால் நிம்மதி. ஈரம் தட்டுப்பட்டால், "ஏங்க, அரிசியத் தூக்குங்க!" உதுமான் பாதித் தூக்கத்திலேயே எழுந்து போய், முன்பக்கச் சாப்பாட்டுக் கடையில் இருக்கிற அரிசி மூட்டைகளை மேசை மேல் ஏற்றிவிட்டு வந்து மீதித் தூக்கத்தைத் தொடர்வார்.

அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிக் கடல் ஆற்றைத் தள்ளிக்கொண்டு வரும். அந்தத் தண்ணீர் முன்வாசல் வழியாக மரியாதையாக வருவதில்லை. கடைக்குப் பின்னால் ஓடும் பெரிய சாக்கடையில் ஏறி அடுக்களைக்குள் புகும். ஒருநாள் கெளுத்திக் குஞ்சு ஒன்று மசாலா டப்பாவைச் சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தது. மீன் தானே நடந்துவரும் கடை என்று உதுமான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்தார். பரீதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் ஒரு மழைக்காலத்தை இப்படிக் கழித்தால் கடையை மூடிவிட்டு ரவாங்கில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

இந்த லட்சணத்தில்தான் வீட்டு வரியைக் கூட்டப்போவதாக நகராட்சியிடமிருந்து அறிவிப்பு வந்தது. காரணம், ஆற்றோரச் சொத்தாம்.

"ஆறு உள்ளயே வந்து உக்காந்திருக்கே, அதுக்குத் தனியா போடாம விட்டாங்களே" என்றார் உதுமான்.

இந்தக் காலத்தில் யாரும் வரியை வெறுமனே கூட்டுவதில்லை. நம்மைக் கூப்பிட்டு உட்காரவைத்து, குளிர்சாதனம் போட்டு, கூட்டிய வரியில் என்ன செய்யலாம் என்று கருத்துக் கேட்டு, சோறும் போட்டு அனுப்புகிறார்கள். கருத்துச் சொல்வதும் எளிது. வாசலில் ஆளுக்கொரு பச்சைப் பொட்டு கொடுப்பார்கள். விருப்பமான திட்டத்தின் படத்துக்குக் கீழே ஒட்டினால் போதும். பலகையில் இரண்டே படங்கள் இருந்தன. ஒன்று, சாக்கடை ஆற்றில் விழுகிற இடத்தில் ஓர் இரும்புக் கதவு. ஆறு ஏறினால் தானே சாத்திக்கொள்ளும், வடிந்தால் திறந்துவிடும். மற்றொன்று, ஊர் எல்லையில் ஒரு நுழைவாயில் வளைவு. அதன் உச்சியில் லோரி அளவுக்கு ஒரு சிவப்பு இறால்.

இறாலைப் பெற்றெடுத்தவர் குடியிருப்போர் சங்கத் தலைவர் மகேந்திரன். பெயருக்கு முன்னால் இன்னும் பட்டம் எதுவும் வராததால், அதற்கு இடம் விட்டே கையெழுத்துப் போடுகிறவர். கூட்டத்துக்கு நெய்ச்சோறும் ஆட்டுக் குருமாவும் அவர்தான் பரீதாவிடம் சொல்லியிருந்தார். பேசத் தனக்கும் நேரம் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு அவளும் ஒப்புக்கொண்டாள்.

கூட்டம் நடந்த மண்டபமும் அதே சாக்கடையோரம்தான். அதன் கடைசியில், திரைக்குப் பின்னால், பரீதா சோற்றுத் தேக்சாக்களைத் தரையில் வரிசையாக இறக்கியபோது மகேந்திரன் வந்து மோப்பம் பிடித்தார்.

"வாசம் தூக்குதே அக்கா! ஆனா ஒண்ணு கேக்குறேன், சாக்கடைக்குக் கதவு போட்டா எவன் லா நின்னு போட்டோ எடுப்பான்?"

"உங்க இறாலு, தண்ணி வந்தா நீந்துமா சார்?"

"அது சிமெண்டு இறாலு அக்கா."

"அப்ப முங்கிரும்."

மகேந்திரன் பெருந்தன்மையோடு சிரித்துவிட்டு, பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். உள்ளே வந்த ஒவ்வொருவரின் கையையும் பிடித்துக் குலுக்கி, குலுக்கிய கையை அப்படியே இறால் பக்கம் திருப்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் இறாலுக்குக் கீழே பச்சைப் பாசி பிடித்ததுபோல் ஆகிவிட்டது.

மதியத் தொழுகையான லொஹோருக்குப் பிறகு கூட்டம் என்றால், மாலைத் தொழுகையான அசருக்குப் பிறகுதான் நகராட்சித் தலைவரான டத்தோ வருவார். ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். ஆற்றுக்கு மட்டும் இந்த வழக்கம் பிடிபடவேயில்லை. அது சொன்ன நேரத்துக்கு வந்துவிடும்.

டத்தோ வந்தார். வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை எல்லாம் முடிந்து மகேந்திரன் மேடையேறினார். கடைசி வரிசையில் நாற்காலி மேல் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்த பரீதா, பேச வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய தண்ணிக்காக இரண்டு நாளாக விடியுமுன் எழுந்த கண்கள். மலாயில் உருண்டு வந்த மகேந்திரனின் குரல் போகப்போகச் சொற்களை உதிர்த்துவிட்டு வெறும் முழக்கமாயிற்று. வரவுசெலவுப் படங்கள் திரையில் நீலமாக மாறிமாறி விழுந்தன. அந்த நீலம் திரையை விட்டு இறங்கித் தரையில் பரவியது. நாற்காலிக் கால்களுக்கிடையே மெல்ல மினுங்கியது. ஒரு காகிதக் கோப்பை, எங்கோ போகவேண்டியதுபோல், அவசரமில்லாமல் மிதந்து போனது. முன்வரிசைப் பெரிய மனிதர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கால்களைச் சத்தமில்லாமல் மேலே தூக்கிக்கொண்டார்கள். யாரும் எழவில்லை. டத்தோ இருக்கும்போது எழுவது மரியாதையில்லை. டத்தோவும் எழவில்லை. ஒருவர் பேசும்போது எழுவது அவருக்கு அழகில்லை.

எவ்வளவு அமைதியான கனவு என்று நினைத்துக்கொண்டாள் பரீதா. பழக்கதோஷத்தில் ஒரு காலை மெல்லக் கீழே இறக்கினாள். ஈரம்.

"ஏங்க, அரிசியத் தூக்குங்க!"

அவள் போட்ட சத்தத்தில் அவளே விழித்தாள். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கனவு மட்டும் கலையவில்லை. கணுக்கால் வரை தண்ணீர் நின்றது. திரைக்குப் பின்னால் தேக்சாக்களைச் சுற்றித் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

அதுவரை வரிக்கும் வளைவுக்கும் அசையாத ஜனம், சோறு என்றதும் எழுந்தது. முன்வரிசைப் பாத்திக் சட்டைகள் பாய்ந்தன. குருமாத் தேக்சாவின் ஒரு காதை உதுமான் பிடிக்க, மறு காதைப் பிடித்தவர் டத்தோ.

தரையோடு தரையாகத் தாழ்ந்த மேடையில், பேச்சு மேசைக்குப் பின்னால், இறுக்கிப் பிடித்த புதுச் சப்பாத்துகளை ரகசியமாகக் கழற்றிவிட்டுப் பேசிக்கொண்டிருந்த மகேந்திரன், காலால் துழாவிப் பார்த்தார். சப்பாத்துகள் அங்கே இல்லை. ஒன்று பந்தி மேசைப் பக்கம் ஒதுங்கியது. உதுமான் அதை அகப்பையால் ஏந்தித் தூக்கிக் காட்டினார்.

"தலைவரே, உங்க இறாலு நல்லாவே நீந்துது!"

தேக்சாவை மேசையில் இறக்கிவிட்டு மூச்சு வாங்கிய டத்தோ, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். கடையின் மீன் தொட்டிக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்த பேச்சு முழுதும் பரீதாவுக்கு மறந்துபோயிருந்தது.

"பின்னாடி சாக்கடையிலேர்ந்து, டத்தோ. எப்பவும் எங்க வீட்டுக்குத்தான் வரும். இன்னிக்கு உங்களப் பாக்க வந்திருக்கு" என்று தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னாள்.

பலகைப் பொறுப்பிலிருந்த அதிகாரி ரூபிணி, தண்ணீரில் நின்றபடியே ஒலிபெருக்கியைப் பிடித்தாள். கூட்டம் முடியும்வரை பொட்டை மாற்றி ஒட்டலாம் என்றாள். சிலுவார்க் கால்களை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் இறாலுக்குக் கீழே ஒரே ஒரு பொட்டு மிஞ்சியது. அது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. நாற்காலி மேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு எல்லாரும் நெய்ச்சோறு சாப்பிட்டார்கள்.

மறு வருஷம் வரியும் கூடியது, கதவும் வந்தது. திறப்பு விழாக் கல்லில், "மகேந்திரன் அவர்களின் தொலைநோக்குச் சிந்தனையில் உதித்தது" என்று பொறித்திருந்தார்கள். கதவுக்கு மேலே, பூனை அளவில், ஒரு சிவப்பு இறால்.

அடுத்த பெரிய தண்ணியன்று விடியுமுன் பரீதாவுக்கு விழிப்பு வந்தது. ஒரு காலை மெல்ல இறக்கினாள். தரை. நம்பாமல் மறு காலையும் இறக்கினாள். தரைதான்.

உதுமான் புரண்டார். "அரிசியா?"

"இல்ல. படுங்க."

பின்பக்கம் இருட்டில் ஆறு இரும்புக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது, கடை திறந்தாச்சா என்று கேட்கும் பழைய வாடிக்கைக்காரனைப்போல. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தலையணைப் பக்கத்திலிருந்த செருப்பை எடுத்துத் தரையில் போட்டாள் பரீதா.