புறா இறங்கும் பங்கு

எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் மூத்தவன் பங்கு போடுவான், இளையவன் முதலில் எடுப்பான். போடுகிறவன் கை சுத்தமாக இருக்கட்டும் என்று யாரோ யோசித்து வைத்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அதிலும் ஓர் ஓட்டை கண்டுபிடித்துவிட்டதாக நினைத்த மகா புத்திசாலி நான்.

எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், செத்து வருஷம் திரும்பியதும், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு பங்கு போட்டேன். இரண்டே துண்டு. திருத்தணியை ஒட்டிக் கிணற்றோடு இரண்டு ஏக்கர் ஒன்று. மணவூர் போகிற வழியில் மூன்று ஏக்கர் மேட்டுப் புஞ்சை இன்னொன்று. அதில் ஒரு குட்டை, நாலு கருவேல மரம், பாதி கம்பங்கொல்லை, மீதி கல். கிணற்றடியில் இருக்கும் ஆறு மாமரங்களைப் புஞ்சையோடு சேர்த்தால்தான் இரண்டும் சமமாகும் என்று ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் சொன்னார். நான் கேட்கவில்லை. மாமரத்தையும் கிணற்றுப் பங்கிலேயே வைத்தேன். தம்பி ஜெபதாஸ் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுத்துக்கொள்வான், புஞ்சை தன்னால் எனக்கு வரும். அதுதான் திட்டம்.

ஏனென்றால் அந்தப் புஞ்சையில் புறா இறங்கும். மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் நான். வாரம் பூராவும் சாக்பீஸ் தூளையும் வாய்ப்பாட்டையும் விழுங்குகிறவனுக்கு, தை மாசி இரண்டு மாதம் சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கருவேல மரத்தடியில் துப்பாக்கியோடு உட்காருவதுதான் உயிர். சண்டைக் காலத்தில் தோட்டா கிடைக்காமல் நாலு வருஷம் வெறும் கையோடு போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். இந்த வருஷம்தான் மதராஸில் இரண்டு டப்பா கிடைத்தது. கிணறு வேண்டாம் என்று சொல்கிற ஆம்பளையை உலகத்தில் எங்கேயும் பார்த்ததில்லை என்று என் மனைவி தேவசுந்தரி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் கண்டுகொள்ளவில்லை.

தப்பு எங்கே செய்தேன் என்றால், தம்பி பங்கு எடுக்கும்வரை பொறுக்காததில். சீசன் தொடங்கிவிடும் என்ற பதற்றம். கம்பை முன்கூட்டியே அறுத்து, ஓரத்தில் இரண்டு சால் மட்டும் கதிரோடு விட்டேன். தாளை ஒட்ட வெட்டினேன். புறாவுக்கு நடக்க வெறும் தரை வேண்டும். குட்டையைச் சுற்றி இருந்த கோரையைப் பிடுங்கினேன். பூனை பதுங்க இடமிருந்தால் புறா தண்ணீர் குடிக்க இறங்காது. முள்ளை வெட்டிக் கொளுத்தினேன். பத்து நாளில் நிலம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

பெரம்பூரில் ரயில்வே வேலையில் இருக்கும் ஜெபதாஸ், மனைவி பிரேமகுமாரியோடு வியாழக்கிழமை வந்து சேர்ந்தான். வழியிலேயே புஞ்சையைப் பார்த்திருக்கிறான். எதற்கு இவ்வளவு வேலை என்று கேட்டான். சும்மாதான் என்றேன். இருபது வருஷமாக ஒரு செடியைக்கூடப் பிடுங்காத நிலத்தில் ஒருவன் சும்மா முள் வெட்டுவானா? அவன் முகம் மாறியது. மறுநாள் தேவசுந்தரி காதில் பிரேமகுமாரி போட்டுவிட்டாள்: அவர் புஞ்சையைத்தான் எடுக்கப் போகிறார், அண்ணன் ஏதோ மறைக்கிறார், அங்கே சர்க்கார் என்னவோ கட்ட வருகிறதாம்.

திங்கட்கிழமை போதகர் வீட்டில் கையெழுத்து. முதலில் எடுக்கிறவன் அவன். வாயைத் திறக்க எனக்கு உரிமை கிடையாது. என் கையாலேயே அந்த நிலத்தைச் சிங்காரித்து அவனுக்குக் காட்டினேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேரும் புஞ்சைக்குப் போனோம். பழக்க தோஷம், துப்பாக்கியையும் எடுத்துப் போனேன். கருவேல மரத்தடியில் ஜெபதாஸ் நின்றுவிட்டான்.

"மறைக்காத சொல்லுண்ணா. சர்க்கார் எடுக்குதா, கல்லு ஒடைக்கறவன் கேட்டுகினு கீறானா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "புறாடா. இங்க புறா வருது. அவ்ளோதான். வேற ஒரு மண்ணும் இல்ல."

அவன் நம்பவில்லை. புறாவுக்காக எவனாவது மாமரத்தை விட்டுக் கொடுப்பானா என்று கேட்டான். நியாயமான கேள்வி.

அப்போது வந்தன. முதலில் நாலு, மரத்தின் மொட்டைக் கிளையில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தன. பிறகு பத்து, இருபது. மணிப்புறாவும் தவிட்டுப்புறாவும் கலந்து, நான் வெட்டி வைத்த தரையில் இறங்கித் தலையை ஆட்டி ஆட்டி நடந்தன. நாலு வருஷம் சுடாமல் விட்டதில் பெருகிப் போயிருந்தன. நூறைத் தாண்டியதும் எண்ண முடியவில்லை. பங்கு, பத்திரம், தம்பி எல்லாம் மறந்து போச்சு. துப்பாக்கியைக்கூடத் தூக்கவில்லை.

திரும்பினால், ஜெபதாஸ் புறாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குக் கெணறே போதும்ணா."

"அப்பாடா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பிரேமகுமாரி என்னைக் காட்டி, "பாவா மூஞ்சியில இப்பதான் உயிர் வந்துது" என்று சிரித்தாள். மார்பில் ஏற்றி வைத்திருந்த அரவைக் கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. நானும் சிரித்தேன். ஜெபதாஸ் சிரிக்கவில்லை.

"மாமரம் உன் பங்குல எழுது. நீ என்னிய மோசம் பண்றன்னு ரெண்டு நாளா குமுறிகினு இருந்தேன். கடைசில பார்த்தா உன்னியேதான் மோசம் பண்ணிகினு இருந்திருக்க. அண்ணிய ஒரு வார்த்த கேட்டியா நீ?"

கேட்கவில்லை. அப்போதுதான் தேவசுந்தரியைத் திரும்பிப் பார்த்தேன். வரப்பில் தனியாக நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்க அவள் பக்கம் போனேன்.

"ஆறு மரம் வந்துதே, அது போதும்" என்றாள். பிறகு துப்பாக்கியைக் காட்டி, "இவ்ளோவும் பண்ணிட்டு வெறுங்கையோட மட்டும் வூட்டுக்கு வராத" என்றாள்.