நாலு நாலாக எண்ணும் கண்ணாடி

கல்யாண மண்டபத்துச் சமையலறையில், புளித்த முட்டைக்கோஸ் பீப்பாயின்மேல் டேப்லெட்டைச் சாய்த்துவைத்து, ரலிட்சா ஐந்தாவது சிந்தசைசர் செயலியைத் திறந்தாள். போன கல்யாணத்தில் மழையில் நனைந்து அவள் கீபோர்ட் செத்துப்போயிருந்தது. இது தங்கையின் டேப்லெட். முதல் செயலியில் எதை வாசித்தாலும் பிரார்த்தனைபோல் இருந்தது. இரண்டாவது வெறும் நுரை. மூன்றாவது இலவசம் என்பதால் அடிக்கடி வாயை மூடிக்கொண்டு காசு கேட்டது. நான்காவது சளி பிடித்த ஆடு. ஐந்தாவதில் ஒரு விரலை வைத்தாலே சுரங்கள் தாமாக மணிமணியாய்த் துள்ளின. பாடகி மில்கா எட்டிப் பார்த்து, இதுதான் அழகு என்றாள்.

கிளாரினெட் வாசிக்கும் ஸ்தாமென்தான் இசைக்குழுவின் முதலாளி. கதவில் சாய்ந்து நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பொம்மைய வச்சு கல்யாணம் பண்ணப்போறியாக்கும். இன்னிக்கு ஒரு நாள் பாக்குறேன். சரிப்படலேன்னா கீபோர்டுக்கு க்ரூமைக் கூப்பிட்டுருவேன். தப்பா எடுத்துக்காதம்மா."

"சரிண்ணே."

க்ரூம் என்ற அந்த இன்னொரு வாசிப்பாளனிடம் இரண்டடுக்குக் கீபோர்ட் இருந்தது. அவளுக்கு இந்தக் குழுவை விட்டால் கோழிப்பண்ணை வேலைதான். மண்டப மேடையில் ஒரு மேசைமேல் டேப்லெட்டை வைத்து, அதே ஐந்தாவது செயலியில் வாசிக்கத் தொடங்கினாள்.

மெதுவான பாட்டுகள் தப்பித்தன. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் வந்து, டேப்லெட்டின் கண்ணாடிக்குள் யார் இருக்கிறார் என்று குனிந்து பார்த்துவிட்டுப் போனார். பிறகு பெண்வீட்டார் ராச்செனிட்சா கேட்டார்கள். குட்டை, குட்டை, நெட்டை என்று ஏழு தட்டில் போகும் ஆட்டம். அதை அங்கே யாரும் எண்ணுவதில்லை, கால்களுக்கே தெரியும். அதனால்தான் செயலிக்கு அது தெரியுமா என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

செயலி நாலு நாலாக எண்ணியது. மேளம் ஒரு பக்கம் இழுக்க, மணிச் சுரங்கள் வேறெங்கோ துள்ளின. மணப்பெண்ணின் தாய், கைக்குட்டையை வீசி ஆடிக்கொண்டிருந்தவள், பாதி அடியில் நின்று தன் காலையே பார்த்தாள்.

மில்கா குனிந்தாள். "என்னடி பண்ற? எல்லாருக்கும் கால் இடறுது."

நிறுத்தும் பொத்தான் கிடைக்கவில்லை. வியர்த்த விரல் கண்ணாடியில் வழுக்கியது. செயலியையே மூடினாள். மேளமும் கிளாரினெட்டும் மட்டும் தனியே ஓடின. ஸ்தாமென் திரும்பிப் பார்த்தார். அவள் நான்காவது செயலியை, அந்தச் சளி பிடித்த ஆட்டை, திறந்தாள்.

தானாகத் துள்ள அதில் எதுவும் இல்லை. ஒவ்வொரு சுரத்தையும் அவள் விரலே போட வேண்டியிருந்தது. ஆடு கத்தியது, ஆனால் ஏழில் கத்தியது. பெண்ணின் தாய் கைக்குட்டையை மறுபடி தூக்கினாள். யாரோ சிரித்தார்கள், பிறகு அவர்களும் வட்டத்தில் இறங்கினார்கள். ஸ்தாமென் வாயிலிருந்து கருவியை எடுக்காமலே புருவத்தை உயர்த்தினார்: இன்னும் வேகம்.

அவள் வேகம் கூட்டினாள். நெற்றியிலிருந்து ஒரு வியர்வைத் துளி கண்ணாடியின் இடது ஓரத்தில் விழுந்தது. கண்ணாடி அதையும் விரல் என்றே எடுத்துக்கொண்டது. அவள் தொடாத ஒரு கீழ்ச் சுரம், நிற்காமல், எல்லாவற்றுக்கும் அடியில் ஒலிக்கத் தொடங்கியது. துடைக்க ஒரு கை வேண்டும். இரண்டு கைகளும் ஆட்டத்தில் இருந்தன. ஸ்தாமென் தலையைச் சாய்த்து அந்தக் கீழ்ச் சுரத்துக்குக் காது கொடுத்தார். துளி மெல்ல, பாட்டோடு சேராத அடுத்த கட்டையை நோக்கி நகர்ந்தது.