நடு இறங்கிய கார்

"பாக்கி நாற்பத்தோராயிரத்து எழுநூற்றைம்பது." அண்ணனின் சட்டைப் பையிலிருந்து எடுத்த சீட்டை அண்ணி இரண்டாம் தடவையாக வாசித்தாள். "இன்னும் இவ்வளவா இருக்கு? முடியப்போகுதுன்னுதானே உங்கண்ணன் சொல்லிக்கிட்டிருந்தாரு, தம்பி?"

தம்பி வாசலில் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தான். முன்னறைக் கட்டிலில் அண்ணன் கிடந்தான். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன். நேற்றுக் காலை டிப்போவில் வண்டியை நேராக நிறுத்தி, பிரேக்கும் போட்டுவிட்டு, ஸ்டியரிங் மேலேயே சாய்ந்து உயிரை விட்டான்.

சீட்டில் இருந்தது காரின் கடன். மருந்துக்கடையம்மாவின் வீட்டுக்காரர் விட்டுப்போன பழைய கார். துணிக்கூரையை மடக்கிப் பின்னால் தள்ளினால் மேலே வெறும் வானம். "ஆயுசு பூரா தலைக்கு மேல தகரத்தையே பாத்தாச்சுடா" என்று அண்ணன் அதை அந்தம்மாவிடம் மாதத் தவணையில் வாங்கினான். பிரித்துப் போட்டுப் புதுசாக்கிவிடலாம் என்று கணக்கு. "மழை வந்தா குடை பிடிக்க கண்டக்டர் வேணுமாண்ணே?" என்று டிப்போவே சிரித்தது.

துருப்பிடித்த அடிச்சட்டத்தை மாற்றுவதற்காக அறுத்தவன் தம்பி. வாசல் கேட்டும் ஜன்னல் கிரில்லும் அடிக்கிற வெல்டர். இரும்பென்றால் அவனுக்கு எல்லாம் கேட்டுதான். கூரையுள்ள வண்டியைக் கூரை இழுத்துப் பிடிக்கும். கூரையில்லாததற்கு அந்தச் சட்டம்தான் முதுகெலும்பு. கதவுத் திறப்பின் குறுக்கே கம்பி வைத்துப் பற்றவைத்த பிறகே அதில் கை வைக்கவேண்டும். அது அவனுக்குத் தெரியவில்லை. அறுத்தான், வண்டி நடுவில் தொய்ந்து இறங்கியது. அன்றிலிருந்து கதவு சாத்தவில்லை.

அண்ணன் அவனை ஒரு சொல் சொல்லவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "அவசரக் குடுக்கை, நான்தான் அறுத்துத் தொலைச்சேன்" என்றான். தவணையை மட்டும் நிறுத்தவில்லை.

பத்து மணிக்கு மருந்துக்கடையம்மா வந்தார். கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பணத்த நினைச்சுக் கலங்காதீங்கம்மா. வண்டிய நானே எடுத்துக்கறேன். பாக்கி வேணாம்."

அண்ணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "தம்பி, சாவிய எடுத்துக் குடுத்துடுங்க."

வாயை மூடிக்கொண்டு சாவியைக் கொடுத்தால் தீர்ந்தது. கடனும் போகும், பழியும் செத்தவனோடு போகும். அவன் கட்டிலைப் பார்த்தான். குளிப்பாட்டிய பிறகும் அண்ணனின் நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு போகவில்லை.

"குடுக்க வேணாம் அண்ணி."

"ஏன்?"

"அது வண்டியா இல்ல இப்போ. நடு இறங்கிடுச்சு. அறுத்தது அண்ணன் இல்ல. நான்."

"டேய், சாவு வீட்டுல பேசுற பேச்சா இது?" என்றார் அண்ணனோடு பஸ்ஸில் ஓடிய கண்டக்டர்.

அண்ணி அவனையே பார்த்தாள். "அப்போ ஒரு வருஷமா நான் அவர வாய்க்கு வந்தபடி திட்டினதெல்லாம்?"



மருந்துக்கடையம்மா எழுந்தார். "எங்கப்பா நிக்குது? காட்டு."

கொல்லைக் கொட்டகையில் சட்டம் அறுபட்டு நின்றது கார். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அடியில் விரலால் சுரண்டினார். கருப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"தாரு. விக்கிறதுக்கு முந்தி நான்தான் பூசச் சொன்னேன். துரு தெரியக் கூடாதுன்னு." முந்தானையில் விரலைத் துடைத்தார். கறை போகவில்லை. "உங்க அண்ணனுக்குத் தெரியாம இருந்திருக்காது. ஒரு மாசம்கூட அதப்பத்திப் பேசினதில்ல. தவணைய எண்ணி வச்சிட்டுப் போயிடுவாரு."

பின்னாலேயே வந்திருந்த அண்ணியிடம் திரும்பினார். "எனக்கு ஒண்ணும் வரவேண்டியதில்லம்மா. வண்டியும் உங்களோடதுதான். தீந்துபோச்சு." சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டார்.

அண்ணி காரைச் சுற்றி வந்தாள். வாங்கின நாளிலிருந்து கோபத்தில் ஒரு தடவைகூட அவள் அதில் ஏறியதில்லை. இப்போது ஓட்டுகிற இருக்கையை விட்டு அடுத்த இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். கதவை இழுத்தாள். சாத்தவில்லை. மறுபடி இழுத்தாள்.

தம்பி கிட்டே போனான். முழங்காலைக் கொடுத்துக் கதவைத் தூக்கி, இடம் பார்த்து அழுத்தினான். பொருந்தியது. கையை எடுத்தால் திறந்துகொள்ளும்.

"அமரர் வண்டி வந்தாச்சு, வாங்க" என்று வாசலிலிருந்து கண்டக்டர் கூப்பிட்டார்.

அண்ணி எழுந்திருக்கவில்லை. அவன் கதவைப் பிடித்தபடி நின்றான்.